செங்காலும் பாலாவும் மட்டும்தான் மரமா?

சிங்கப்பூரில் மரவேலை செய்பவரிடம் "என்ன மரம் போடலாம்?" என்று கேட்டால் விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான் வரும். வெயில் மழை படுகிற இடமா, செங்கால் அல்லது பாலாவ். வீட்டுத் தரைக்குத் தேக்கு, இல்லாவிட்டால் மெர்பாவ். கட்டில், அலமாரிக்கு நியாத்தோ. கதவுச் சட்டத்துக்கு மெராந்தி. அதற்கு மேல் கேட்டால், "மற்றதெல்லாம் கிடைக்காது, கிடைத்தாலும் நம்ப முடியாது" என்பார்கள்.

இங்கிருந்து காரில் போனால் சில மணி நேரத்தில் வந்துவிடும் நெகிரி செம்பிலானின் பாசோ காடு. அங்கே ஆய்வுக்காக அளந்து வைத்திருக்கும் 50 ஹெக்டர் நிலத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட மரவகைகள் இருக்கின்றன. அவற்றில் பல, பலகை அறுக்கிற அளவுக்குப் பருக்காதவை. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், காட்டில் நிற்பதற்கும் கடையில் கிடைப்பதற்கும் இடையே பெரிய இடைவெளி. இந்த இடைவெளியில் சிக்கியிருக்கும் மரங்களைத்தான் 'குறைவாகப் பயன்படும் மரங்கள்' என்கிறார்கள். மட்டமான மரங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலான நேரம், அவற்றைப் பற்றித் தெரிய வேண்டியது மரக்கடைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் உண்மை.

காரணம் காட்டின் அமைப்பிலேயே தொடங்குகிறது. மெராந்தி, பாலாவ், கெருயிங், கப்பூர், செங்கால் எல்லாம் ஒரே குடும்பம். குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பம். நெடுநெடுவென்று, கிளை இல்லாத உருண்டைத் தண்டோடு வளர்பவை. ஒரே காட்டில் நிறையவும் நிற்பவை. மரம் அறுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அறுபதுகளிலும் எழுபதுகளிலும் காலாங் ஆற்றோரத்து அறுவை ஆலைகளை ஓட வைத்ததும் இந்தக் குடும்பம்தான். ஆலைகள் பிறகு சுங்கை காடுட்டுக்கு இடம் மாறின. 1985-இல் இந்தோனேசியா உருட்டுமர ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியதும், எந்த மரமானாலும் வந்து குவியும் காலம் முடிந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பழகிய நாலைந்து பெயர்கள் மட்டும் நம் வாயில் அப்படியே தங்கிவிட்டன.

மற்ற மரங்கள் காட்டில் சிதறி நிற்பவை. ஏக்கருக்கு ஒன்று, இரண்டு. ஒரு வகையை மட்டும் ஒரு லாரி நிறையச் சேர்ப்பதே பாடு. அதனால் வியாபாரத்தில் அவற்றைக் கூட்டாகச் சேர்த்து ஒரு பெயரில் விற்கிறார்கள். அந்தப் பெயர்கள் நமக்கு அந்நியமாகத் தெரிந்தாலும், பெயருக்குப் பின்னால் இருக்கும் மரங்கள் அந்நியம் இல்லை. கெலேடாங் பலாவின் நெருங்கிய உறவு. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் குடைகிறோமே, அதே பலாதான். அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், நாள்பட நாள்படப் பழுப்பேறும். பிந்தாங்கோர் புன்னையின் இனம். கெலாட் நாவலின் கூட்டம். மச்சாங் காட்டு மா. பூலாய் என்பது ஏழிலைப்பாலை. பீத்திஸ் என்ற பெயரில் வரும் கனத்த மரங்களில் ஒன்று இலுப்பையோடு ஒரே பேரினம். ஊரில் கிளையொடித்து விளையாடிய மரங்களின் பங்காளிகள் இங்கே மரக்கடையின் பின்வரிசையில் கிடக்கின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

உறவு இருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. கூட்டுப் பெயரின் ஆபத்தும் இதுதான். நியாத்தோ என்ற ஒற்றைப் பெயருக்குள் பல பேரினங்கள் இருக்கின்றன. கன மீட்டருக்கு 400 கிலோ எடையுள்ளதும் அதற்குள் வரும், 1,000 கிலோவைத் தாண்டுவதும் வரும். போன முறை வாங்கிய நியாத்தோ ஆணியை வழுக்கிக்கொண்டு ஏற்றது, இந்த முறை ஆணி வளைகிறது என்றால், கடைக்காரர் ஏமாற்றினார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு மரங்களாக இருந்திருக்கலாம்.

சரி, ஒரு மரத்தைப் பற்றி உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் அடர்த்தி. மரத்தின் உயிரணுச் சுவர் எந்த மரத்திலும் கிட்டத்தட்ட ஒரே கனம்தான். கன மீட்டருக்கு 1,500 கிலோ. ஒரு மரம் லேசாகவும் இன்னொன்று கல்போலவும் இருக்கக் காரணம், சுவர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். பூலாய் பெரும்பாலும் 500 கிலோவுக்குள் அடங்கிவிடும். பீத்திஸ் 800-இல் தொடங்கி 1,200 வரை போகும். தண்ணீரில் போட்டால் மூழ்கும். அடர்த்தி தெரிந்தால் வலிமை, கடினம், ஆணி பிடிக்கும் திறன் ஆகிய மூன்றையும் ஓரளவு சரியாகவே கணிக்கலாம். சோதனைச்சாலையில் 20 மில்லிமீட்டர் சதுரமும் 300 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குற்றமற்ற துண்டுகளை நடுவில் அழுத்தி ஒடித்துப் பார்ப்பார்கள். அடர்த்தி சொன்ன கணக்கிலிருந்து முடிவு அநேகமாக வெகுதூரம் விலகாது.

ஆனால் கனம் வேறு, நீடிப்பது வேறு. இதை நம் ஆட்கள் அடிக்கடிக் குழப்பிக்கொள்கிறார்கள். "வைரம் பாய்ந்த கட்டை" என்று சொல்லும்போது கனத்தையும் ஆயுளையும் ஒன்றாக்கிவிடுகிறோம். கெம்பாஸ் நல்ல சான்று. அதன் அடர்த்தி 770 முதல் 1,120 வரை, பாலாவுக்குச் சளைத்ததில்லை. ஆனாலும் மலேசிய வகைப்பாட்டில் அதற்குக் கன வன்மர வரிசையில் இடமில்லை, நடுத்தர வரிசைதான். மண்ணில் நட்டால் கறையானும் பூஞ்சையும் அதை விட்டுவைக்காது. கன வன்மரம் என்ற பெயரைப் பெற எடையோடு, மருந்து போடாமலே நிலைக்கும் குணமும் வேண்டும். அந்தக் குணம் வைரப் பகுதியில் ஊறியிருக்கும் வேதிப்பொருள்களிலிருந்து வருகிறது. வெளிறு என்கிற வெளிப்பகுதியில் அவை இல்லை. அதனால் செங்காலாகவே இருந்தாலும் ஓரத்தில் வெளிறு ஒட்டியிருந்தால் அந்த ஓரம் சீக்கிரம் உளுத்துப்போகும்.

ஆயுளை அளக்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். 50 மில்லிமீட்டர் சதுரமும் 600 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வைரக் குச்சிகளைத் திறந்த வெளியில் மண்ணில் நட்டு, ஆண்டுதோறும் பிடுங்கிப் பார்ப்பார்கள். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கெப்போங்கில் இருக்கும் மலேசிய வன ஆய்வுக்கழகம் இப்படிப் பல பத்தாண்டுகளாகச் செய்து வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போனால் நீடிக்காத மரம். இரண்டு முதல் ஐந்து வரை நடுத்தரம். ஐந்து முதல் பத்து, நீடிப்பது. பத்தைத் தாண்டினால் மிக நன்று. மண்ணில் நடுவதுதான் மரத்துக்குக் கொடுமையான சோதனை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்றே ஆண்டு தாங்கிய மரம், மழை படாத வீட்டுக்குள் முப்பது ஆண்டும் இருக்கும்.

அடுத்தது சுருக்கம். சிங்கப்பூரில் பழகாத மரத்துக்குக் கெட்ட பெயர் வருவது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் எண்ணம். இங்கே வெளிக்காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. அந்தக் காற்றில் எவ்வளவு காலம் உலர்த்தினாலும் மரத்துக்குள் 16 விழுக்காடு அளவில் ஈரம் தங்கிவிடும். அதே மரத்தை நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அலுவலகத்தில் வைத்தால் 11 வரை இறங்கும். இந்த ஐந்து புள்ளிதான் வில்லங்கம். தேக்கைப் பச்சையிலிருந்து முழுக்கக் காயவைத்தால் வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.3 விழுக்காடு சுருங்கும். அந்தக் கணக்கில், ஒரு மீட்டர் அகல மேசைப்பலகை இந்த ஐந்து புள்ளி இறக்கத்தில் 9 மில்லிமீட்டர் போலக் குறுகும். முழுச் சுருக்கம் 8 விழுக்காடாக உள்ள மரத்தில் அதுவே 14 மில்லிமீட்டர். பலகையின் இரு பக்கமும் அசையவிடாமல் திருகி இறுக்கியிருந்தால் நடுவில் பிளப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. உடனே "இந்த மரம் சரியில்லை" என்போம். பொருத்துவதற்கு முன் சூளையில் 11 அல்லது 12 வரை உலர்த்தி, அசைய இடம் விட்டுத் திருகியிருந்தால் அதே மரம் சும்மா கிடந்திருக்கும்.

அட்டவணைகளை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலேசிய அட்டவணைகள் பல, பச்சையிலிருந்து 15 விழுக்காட்டு ஈரம் வரையான சுருக்கத்தைத் தருகின்றன. மற்ற நாட்டு நூல்கள் முழுக்கக் காயும் வரையான சுருக்கத்தைத் தருகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மலேசிய மரமெல்லாம் அசையாத மரம்போலத் தோன்றும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு மரத்துக்கும் உள்ள தனிக் குணங்கள். மெர்சாவாவில் சிலிக்கா இருக்கிறது. சாதாரண ரம்பப் பல்லை அது சீக்கிரம் மழுக்கிவிடும். கார்பைடு முனை வைத்த ரம்பம் வேண்டும். குலிம் நல்ல கனமும் ஆயுளும் உள்ள மரம், தூணுக்கும் உத்தரத்துக்கும் ஏற்றது. ஆனால் பச்சையாக அறுக்கும்போது வெங்காயமும் பூண்டும் கலந்த வாடை ஆலை முழுக்க அடிக்கும். காய்ந்தால் வாடை அடங்கும். கெம்பாஸின் ஈரத்தில் அமிலத்தன்மை உண்டு, இரும்பு ஆணியை அரிக்கும். அதன் குறுக்கே ஓடும் கெட்டியான கோடுகளில் உத்தரம் ஒடியவும் கூடும். அதே கெம்பாஸ் கிரியோசோட்டு மருந்தை நன்றாக உறிஞ்சும். அதனால்தான் ரயில் தண்டவாளத்து ஸ்லீப்பர் கட்டைக்கு அதைத் தேடினார்கள். குறை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லோரும் மெச்சும் மெர்பாவுக்கும் குறை இல்லாமல் இல்லை. புதிதாகப் போட்ட மெர்பாவ் பலகையில் மழை பட்டால் பழுப்புச் சாறு இறங்கிப் பக்கத்துச் சிமெண்டைக் கறையாக்கும். இரும்பு பட்ட இடம் கருநீலமாகும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு துருப்பிடிக்காத திருகு போடப் பழகிவிட்டோம். குலிமின் வாடையைப் பொறுக்க மட்டும் ஏன் பழகவில்லை என்பதே என் கேள்வி.

இப்படிப் பழகி ஜெயித்த மரம் ஒன்று உண்டு. அதன் கதை நம்முடைய கதையும்கூட.

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் இலங்கை வழியாகச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. பின்னர் மலாயா எங்கும் பரவிய தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அந்தப் பால்மரம் 25, 30 ஆண்டில் பால் வற்றிப்போகும். வெட்டிச் சாய்த்து, அடுப்புக்கும் ரப்பர் புகைக்கூடத்துக்கும் விறகாக்குவார்கள், இல்லையென்றால் வயலிலேயே கொளுத்துவார்கள். மேசை நாற்காலிக்கு அது உதவும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. நினைக்காததற்குக் காரணமும் இருந்தது. அதில் வைரம் என்று தனியாக ஒன்று கிடையாது. முழுக்க வெளிர் மஞ்சள். மரம் நிறைய மாவுச்சத்து. வெட்டிப் போட்ட ஓரிரு நாளில் நீலப் பூஞ்சை படரும், துளைக்கும் வண்டு ஏறும். தண்டு குட்டை, விட்டம் சிறிது. இழுவிசை நார் கலந்திருப்பதால் பலகை உலரும்போது முறுக்கிக்கொள்ளும்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு வழி கண்டார்கள். வெட்டியதும் தாமதிக்காமல் அறுப்பது. அறுத்த கையோடு அழுத்தத் தொட்டியில் போரான் உப்பு ஏற்றுவது, அதனால் வண்டுக்கும் பூஞ்சைக்கும் தீனி கெட்டுப்போகும். பிறகு மேலே பாரம் ஏற்றி, சூளையில் 10 விழுக்காட்டுக்குள் உலர்த்துவது. நீளம் போதாத துண்டுகளை விரல்போலப் பல் வெட்டிக் கோத்து, ஒட்டிப் பலகையாக்குவது. கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ வரை அடர்த்தி. நாற்காலிக்கு அது போதும். வெளிர் நிறம் என்பதால் எந்தச் சாயமும் ஏறும். இன்று ஜோகூரின் மூவார் நகரம் ஏற்றுமதி செய்யும் மேசை நாற்காலிகளில் பெரும்பகுதி இந்த மரம்தான். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில் சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்துக் காலின் அடிப்பாகத்தைப் பாருங்கள். வெளிர் மரத்தில் குட்டிக் குட்டித் துண்டுகளைக் கோத்த பல்வரிசை தெரிந்தால், அது அநேகமாகப் பால்மரம். தாத்தாவும் பாட்டியும் விடியலில் வெட்டிய மரத்தின் வாரிசில் பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ரப்பர் ஏற்கெனவே தோட்டத்தில் நிற்கும் மரம். அதைப் பயன்படுத்த ஒரு காட்டையும் புதிதாகத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ராமின் இதற்கு நேர் எதிர். சதுப்புக்காட்டு மரம்; நேரான நார், வெளிர் நிறம், படச்சட்டத்துக்கும் திரைக்கம்புக்கும் அற்புதமானது. உலகம் முழுக்க அதையே கேட்டது. காடு தாங்கவில்லை. 2001-இல் இந்தோனேசியா அதை அருகிவரும் உயிரினங்களின் வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. 2004 மாநாட்டில் அது இரண்டாம் பட்டியலுக்கு ஏறியது. ஒரே மரத்தைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதற்காக "பல மரங்களைப் பயன்படுத்தினால் காடு பிழைக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் நான் தயாரில்லை. தீபகற்ப மலேசியாவில் 1978 முதல் நடப்பில் இருக்கும் தெரிவு வெட்டு முறையில், குங்கிலியக் குடும்ப மரங்கள் குறைந்தது 50 சென்டிமீட்டர் விட்டமும் மற்றவை 45 சென்டிமீட்டரும் பருத்திருக்க வேண்டும். நேற்றுவரை விலை போகாததால் நின்ற மரம், இன்று விலை வந்ததும் அந்த வெட்டுப் பட்டியலில் சேர்ந்துவிடும். ஒரே பரப்பில் கூடுதல் மரம் சாய்ந்தால் நிலத்தில் கூடுதல் ஓட்டை, கூடுதல் பாதை. புதிய மரத்துக்குச் சந்தை திறப்பவர்கள், ஒரு ஹெக்டரில் மொத்தம் எத்தனை மரம் வெட்டலாம் என்ற வரம்பையும் சேர்த்துப் பேச வேண்டும். பேசாவிட்டால், ராமினுக்கு நடந்தது நாளைக்குப் பத்து மரங்களுக்கு நடக்கும். சான்றிதழ் பெற்ற காட்டு மரத்தை வாங்குவது இதில் நம் கைக்கு எட்டும் ஒரு வழி.

சிங்கப்பூருக்குள்ளேயே இன்னொரு வழி இருக்கிறது, காட்டைத் தொடாத வழி. 1876-இல் இங்கே வந்த தூங்குமூஞ்சி மரம் இன்று தீவெங்கும் சாலைக்குக் குடை பிடிக்கிறது. வயதாலோ புயலாலோ சாலை விரிவாலோ அவை விழுகின்றன. அங்சானா, ஆப்பிரிக்க மகோகனி மரங்களும் அப்படியே. அங்சானா நம் வேங்கையின் இனம். விழுந்த மரங்களில் பெரும்பகுதி சில்லாக நறுக்கப்பட்டு உரமாகவோ எரிபொருளாகவோ போகிறது. சில பட்டறைகள் மட்டும் அவற்றைப் பலகையாக்கி மேசை செய்கின்றன. தூங்குமூஞ்சியைப் பச்சையிலிருந்து முழுக்கக் காயவைத்தால் சுருக்கம் 3.4 விழுக்காடுதான். மேலே சொன்ன ஒரு மீட்டர் மேசைக் கணக்கில் இது 6 மில்லிமீட்டர். தேக்கைவிடக் குறைவு! அதன் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னியிருப்பதால் இழைப்புளி போட்டால் பிய்ந்து வரும். தூள் மூக்கை அரிக்கும். சாலையோர மரத்துக்குள் பழைய ஆணியும் கம்பியும் புதைந்திருக்கும். அறுப்பதற்கு முன் உலோகம் தேடும் கருவியால் ஒரு தடவு தடவிவிட வேண்டும். இத்தனையையும் சமாளித்தால் ஏர்கான் அறைக்கு இதைவிட நல்ல மேசைப்பலகை கிடைப்பது கடினம்.

பழைய சிங்கப்பூருக்கு இந்த அறிவு இல்லாமல் இல்லை. ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரம் ஒரு காலத்தில் வீட்டுத்தூணுக்குப் போன மரம். தெம்பனிஸ் வட்டாரத்துக்குப் பெயர் தந்த மரம் கறையான் எளிதில் தொடாத கன வன்மரம். அதன் குடும்பத்தில்தான் நம் ஊர்ப் பிராயும் வருகிறது. உப்புத்தாள் இல்லாத காலத்தில் அதன் சொரசொரப்பான இலையால் மரத்தைத் தேய்த்து மெருகேற்றினார்கள். இவற்றை இனி வெட்டச் சொல்லவில்லை, அவை நிற்கட்டும். ஆனால் இவற்றைத் தெரிந்து வைத்திருந்தவர்கள், வேலைக்கு ஏற்ற மரத்தைத் தேடினார்கள்.

இன்றைய வேலை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் "செங்கால் அல்லது அதற்கு இணையான மரம்" என்று ஒரு வரி வரும். எதில் இணை என்று யாரும் எழுதுவதில்லை. எழுதாததால் குத்தகைக்காரரும் துணியமாட்டார், மறுபடி செங்காலோ பாலாவோதான். ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் பாலாவ் போட்டதைக் குறை சொல்ல மாட்டேன். தரையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில், வெயிலும் மழையும் நேராகத் தாக்கும், ஆயிரக்கணக்கானோர் நடக்கும் தளத்துக்கு அது பொருத்தம். கூரைக்குக் கீழே இருக்கும் தாழ்வாரத்து இருக்கைக்கு அதே மரம் எதற்கு?

அந்த இருக்கைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். அடர்த்தி 600 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வைரப் பகுதி மட்டும், வெளிறு கூடாது. மண் சோதனையில் நடுத்தரமோ அதற்கு மேலோ. குறைந்தால் அழுத்தத் தொட்டியில் மருந்து ஏற்றிய மரம். பொருத்தும் நாளன்று ஈரமானி 14 முதல் 16 வரை காட்ட வேண்டும், ஏனென்றால் இருக்கை வெளிக்காற்றில் இருக்கப்போகிறது. துருப்பிடிக்காத திருகு. மரத்தின் முழுப் பெயரும் வந்த காடும் ரசீதில் இருக்க வேண்டும், 'கலப்பு வன்மரம்' என்று எழுதினால் செல்லாது. இந்த வரிகளுக்குக் கெலேடாங் பொருந்தும், குலிம் பொருந்தும், மருந்து ஏற்றிய கெம்பாஸும் பொருந்தும்.

வந்து இறங்கிய மரம் சொன்ன மரம்தானா என்றும் ஓரளவு பார்த்துவிடலாம். புது பிளேடால் பலகையின் வெட்டுமுனையைச் சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையை வைத்துப் பாருங்கள். பாலாவிலும் செங்காலிலும் குங்கிலியம் உறைந்த குழாய்கள் வெள்ளைக் கோடுகளாக வளைந்து ஓடும். மெர்பாவில் அந்தக் கோடு இருக்காது. துளைகள் சிலவற்றில் கந்தக மஞ்சள் பொடி அடைத்திருக்கும். கெம்பாஸில் குங்கிலியக் கோடும் இல்லை, மஞ்சள் பொடியும் இல்லை. அதன் நிறம் செங்கல் சாயலில், இடையிடையே கெட்டிக் கோடு. வெள்ளைக் கோடே இல்லாத பலகையைப் பாலாவ் என்று சொல்லி இறக்கியிருந்தால், லாரி கிளம்புவதற்குள் கேட்டுவிடுங்கள்.